வால்வைக் கழற்றிய ஜீப்பும் சூரியநெல்லிக் குளிரும்

சூரியநெல்லியில் கொழுக்குமலை ட்ரிப் அடிக்கும் ஜீப்புக்கு வேலை விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடும். சூரியன் வருவதற்குள் ஆட்களை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்தில் பானட்டைத் தொட்டால் கை சுருக்கென்று பின்வாங்கும். மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட் பள்ளங்களில் சில ராத்திரிகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கி, காலையில் தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும். அப்படியொரு காலையில் ஸ்டார்ட் ஆகாத ஜீப்பைப் பார்த்தால் எல்லோரும் குளிரைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்த ஜீப்பில் குளிர் செய்தது கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் மனிதர் கை வேலை.

வண்டி, 2.1 லிட்டர் பியூஜோ டீசல் எஞ்சின் போட்ட பழைய மஹிந்திரா கமாண்டர். காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்த பிறகும் பத்து நிமிஷம் கண் எரியும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடை. டெம்பரேச்சர் முள் இடதுபக்கக் கோட்டைத் தாண்டி வந்ததே இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் திரண்டது போல ஒரு படலம். ஹெட் பேக்கிங் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைப்பது) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு தீர்ப்பும் ஆகியிருந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளவெடுத்தோம். வெளிக்காற்று 7 டிகிரி. ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 9.2 வோல்ட்; இது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. டீசல் எரியும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளின் சுவிட்சை அழுத்தினால், அவற்றை இணைக்கும் பட்டையில் 9.1 வோல்ட், அதே நேரம் பேட்டரியில் 11.8. ஸ்டார்ட் ஆகி 20 நிமிஷம் ஐட்லிங்கில் விட்ட பிறகு தண்ணீர் வெளியேறும் வாயில் 36 டிகிரிதான். லேசர் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியத்தில் நேரே காட்டினால் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டினால் நம்பலாம்.

இந்த எண்களையெல்லாம்விட முக்கியமான சோதனைக்குக் கருவியே வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு, உள்ள வண்டியில் ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்றே இருந்து, பிறகு ஒரு நிமிஷத்துக்குள் திடீரென்று சுடும். இந்த வண்டியில் இரண்டாவது நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகி, கீழ் ஹோஸும் அதே சூட்டில் கூடவே ஏறிக்கொண்டு வந்தது. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை என்று அர்த்தம்.

இல்லவே இல்லை. ஹவுசிங் மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றித் தூக்கினால் வால்வு உட்காரும் குழி காலி. சுற்றிலும் காய்ந்த பேஸ்ட்.

யார் எடுத்தார்கள் என்பது தேவையில்லை, ஏன் எடுத்தார்கள் என்பது தேவை. இந்த ஜீப் வாரம் ஒரு முறையாவது போடிக்கு இறங்கி ஏறுகிறது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. சித்திரை வெயிலில் ஆளும் சுமையுமாக இரண்டாவது கியரில் ஏறும்போது தண்ணீர் கொதித்தால், கீழே இருக்கும் மெக்கானிக்குக் கைக்கு எட்டும் முதல் வைத்தியம் வால்வைக் கழற்றி எறிவது. தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடும், முள் இறங்கும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். ஆனால் வண்டி தங்குவதும் ராத்திரி நிற்பதும் மேலே. கீழே ஒரு பருவம், மேலே வேறொரு பருவம் என்று ஓடும் வண்டிக்கு இரண்டையும் சமாளிக்க இருக்கும் ஒரே பொருள் அந்த வால்வுதான். அதைப் போய்க் கழற்றுகிறோம்.

அது செய்யும் வேலை எளிது. நடுவிலுள்ள பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. 82 டிகிரி வால்வென்றால் அந்தச் சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளும், தட்டு திறக்கத் தொடங்கும். இன்னும் 10, 13 டிகிரி ஏறினால் முழுக்கத் திறக்கும். அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சூடேறும். வால்வு இல்லாவிட்டால் ஏழு டிகிரிக் காற்றை ஃபேன் இழுத்து ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த வண்டியில் ஃபேன் பெல்ட்டோடு பிணைந்தது, எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். கொழுக்குமலை ஏற்றத்தில் கொஞ்சம் சூடு சேரும். திரும்பி இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, டீசல் எரியவில்லை, எஞ்சின் பிரேக்கில் ஃபேன் மட்டும் வேகமாகச் சுழல்கிறது. சேர்த்த சூடு முழுக்க இறக்கத்தில் போய்விடும்.

ஆயில் மூடியில் கண்ட வெண்ணெய்க்கும் இதுதான் காரணம். டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகும். பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து கீழே வரும் நீராவி, எஞ்சின் சூடாக இருந்தால் பிரீதர் என்னும் ஆவிக்குழாய் வழியாகப் போய்விடும். எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால் மூடியிலும் வால்வு கவரிலும் வியர்த்து ஆயிலோடு கலந்து திரளும். ஹெட் பேக்கிங் போனதா, இது வெறும் வியர்வையா என்று பிரித்தறிய ஹெட்டை இறக்கத் தேவையில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் நல்ல நிறத்தில் இருந்து மூடியில் மட்டும் வெண்மை, ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, ரேடியேட்டர் வாயில் விடாத குமிழி இல்லை என்றால் அது வியர்வை. இந்த வண்டியில் அப்படித்தான்.

வால்வு போட்ட விதம்

ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்து முழுக்க வடித்தபோது, பிளாக்கிலுள்ள வடிகுழாயையும் சேர்த்து, 9 லிட்டர் வந்தது. ஓடைத் தண்ணீர், செம்மண் கலங்கல். இந்த அளவைக் குறித்துவைத்தோம். கூலன்ட் கலக்கும்போது வேண்டும்.

கழற்றிய பழைய வால்வு கையில் இல்லாததால் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரால் அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டியதாயிற்று. கடையில் 71, 82, 88 என்று மூன்று ரகம் காட்டுவார்கள். எண் வால்வின் விளிம்பிலேயே அச்சாகியிருக்கும். 'நம்ம ஊர் வெயிலுக்கு 71 போதும்' என்று சொன்னால் கேட்க வேண்டாம். 71 போட்டால் பாதி கழற்றியது போலத்தான். இந்த எஞ்சினுக்கு 82.

புது வால்வானாலும் சோதிக்காமல் போடக்கூடாது. வால்வின் தட்டை விரலால் நெம்பி, இடுக்கில் ஒரு தையல் நூலை நுழைத்து விட்டுவிட்டால் தட்டு நூலைக் கவ்விக்கொள்ளும். நூலைப் பிடித்துப் பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல், தொங்கவிட வேண்டும். பக்கத்தில் தெர்மாமீட்டர். தீயைக் குறைத்துவைத்துக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால், திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் வழுக்கி வால்வு 'டொக்' என்று அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண்தான் திறக்கும் சூடு. இந்த வால்வு 81-இல் விழுந்தது. இரண்டு டிகிரி முன்னே பின்னே போனால் பரவாயில்லை.

இதில் மலைநாட்டுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் சூடு ஏறாது. 82 வால்வு இந்தச் சூட்டில் அநேகமாக முழுக்கத் திறந்துவிடும். 88 வால்வோ பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் திறக்கும். அதைப் பார்த்து 'வால்வு கெட்டது' என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. வால்வு கெடவில்லை, பாத்திரத்துக்குச் சூடு பற்றவில்லை.

குழியில் காய்ந்த பேஸ்ட்டைப் பிளேடால் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொண்டோம். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மெழுகுக்குச் சூடே எட்டாது, எஞ்சின் கொதித்த பிறகும் திறக்காது. விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி, காற்று வெளியேற வைத்த துளை; அது மேலே இருக்க வேண்டும். புது பேப்பர் பேக்கிங், இருபுறமும் மெல்லிசாக அனபாண்ட் பேஸ்ட். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் திருகு கால் திருகாக இறுக்க வேண்டும். ஒருபுறம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபுறம் வந்தால் அலுமினிய மூடி காதோடு உடையும்.

வால்வில் ஆணி அடித்து நாலைந்து ஓட்டை போட்டு மாட்டும் பழக்கம் ஒன்றிருக்கிறது. ஊசித் துளை இல்லாத வால்வில் காற்றுக்காக 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் தப்பில்லை. நாலு துளை போட்டால் கழற்றி எறிந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இன்னொன்று: சில எஞ்சின்களில் வால்வுக்கு அடியிலும் ஒரு தட்டு இருக்கும், மேல்தட்டு திறக்கும்போது கீழ்த்தட்டு பைபாஸ் வழியை மூடும். அந்த மாதிரி வண்டியில் வால்வைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். கொதிக்கிறதென்று கழற்றினார்கள், கழற்றியதால் ஏற்றத்தில் இன்னும் கொதிக்கும்.

கொதித்ததற்கான காரணத்தைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் போட்டு அனுப்பினால் அடுத்த போடிப் பயணத்திலேயே பழி மறுபடி வால்வின்மேல் விழும். ஆகவே ரேடியேட்டரை இறக்கி, மேல் தொட்டியைப் பிரித்து ராடு போட்டுச் சுத்தம் செய்யக் கொடுத்தோம்; குழாய்களில் பாதிக்குமேல் செம்மண்ணும் துருவும் கட்டியிருந்தன. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மி.மீ. தாழ வேண்டும், அது விரற்கடை முழுக்கத் தாழ்ந்தது, மாற்றினோம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மூடி வெறும் மூடி அல்ல. 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்தும். மேலே 95-இல் கொதிக்கும் தண்ணீருக்கு இந்த உதவி சமவெளியைவிட அதிகம் தேவை. வண்டிக்குரிய அழுத்த எண் மூடியிலேயே இருக்கும். அதே எண்தான் வாங்க வேண்டும்.

கூலன்ட் 3 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 6 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு எத்திலீன் கிளைக்கால் என்றால் ஏறத்தாழ மைனஸ் 17 வரை உறையாது. இடுக்கி மாவட்டத்துக்கு அது தேவைக்கு மேலேயே. இங்கே கூலன்ட் ஊற்றுவது உறையாமல் இருக்க என்பதைவிடத் துருப்பிடிக்காமல் இருக்கத்தான். கடையில் வாங்கும்போது கேனைத் திருப்பிப் படிக்க வேண்டும்: 'அப்படியே ஊற்றலாம்' என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, அதில் மறுபடி தண்ணீர் கலந்தால் பாயசத்தில் மோர் ஊற்றிய கதைதான். தண்ணீரே கலக்காமல் கெட்டியாக ஊற்றுவதும் தப்பு. சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையும், சூட்டைச் சுமப்பதிலும் தண்ணீரைவிட மட்டம். சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சாகும்.

ஊற்றும்போது வண்டியின் முகம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் காற்று வரும். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸ் திடீரென்று சுடும்வரை காத்திருந்து, வால்வு திறந்ததும் மட்டம் இறங்குவதைப் பார்த்து நிரப்பி மூட வேண்டும்.

ஹீட்டர் பிளக்

எஞ்சின் சூடு நிற்பதற்கு வால்வு; முதல் வெடிப்புக்கு ஹீட்டர் பிளக். முன்அறை (டீசல் முதலில் பற்றும் தனிச் சின்ன அறை) உள்ள இந்த வகை டீசல் எஞ்சினில், அமுக்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த அறைச்சுவர் உறிஞ்சிவிடும். பிளக் இல்லாமல் ஏழு டிகிரியில் பிடிப்பது கஷ்டம். அதிலும் கொழுக்குமலை உச்சியில், 7,000 அடிக்கு மேல், காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக மெலிந்திருக்கும். மேலே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது தகராறு செய்வது இதனால்தான்.

இணைக்கும் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பார்த்தோம். விளக்கு எரிந்தால் உள்கம்பி உயிரோடிருக்கிறது. நாலில் இரண்டு எரியவில்லை. மல்டிமீட்டரில் நல்ல பிளக் அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓம் வரை காட்டும். செத்த பிளக்கை மட்டும் மாற்றாமல் நாலையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்று போனால் மற்றதும் வரிசையில்தான் நிற்கிறது.

கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். பழைய பிளக்கின் முனை வீங்கியிருக்கும், சுற்றிலும் கரி இறுகியிருக்கும். முந்தைய ராத்திரியே துரு விடும் எண்ணெய் விட்டு, மறுநாள் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, அரைத் திருகு விடுவதும் கால் திருகு மறுபடி இறுக்குவதுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். நீளக் குழாய் மாட்டி ஒரே இழுப்பில் இழுத்தால் முனை முறிந்து அறைக்குள் விழும். அப்போது நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டியதுதான். புதியதை மாட்டும்முன் துளையிலுள்ள கரியைச் சுரண்டி எடுத்து, பிளக் இல்லாமல் ஒருமுறை செல்ஃப் அடித்தால் தூசி வெளியே பறந்துவிடும். இறுக்கம் 20-இலிருந்து 25 நியூட்டன் மீட்டர்.

எடுத்த நாலில் மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் முனை மட்டும் மெழுகுவர்த்தி மாதிரி உருகியிருந்தது. அது பிளக்கின் குறையல்ல. அந்தச் சிலிண்டருக்கு டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் தூவாமல் பீய்ச்சுகிறது. அந்த இன்ஜெக்டருக்கு அடையாளம் போட்டுவைத்தோம்.

பிளக் புதிது போட்டும் பட்டையில் 9.1 வோல்ட்டே வந்தால் பாதி காசு வீண். சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 11.8 வர வேண்டிய இடத்தில் 9.1 வந்தால் கிடைக்கும் சூடு 60 சதவீதம்தான். மீதி எங்கே போகிறது? டாஷ்போர்டு சுவிட்சைத் தொட்டால் தெரியும், பிளாஸ்டிக் வளைந்திருந்தது. நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சுவிட்ச் அதைச் சுமக்கும் ஆள் அல்ல. 70 ஆம்பியர் ரிலே ஒன்றை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் டிரைவர் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில்) மாட்டி, பேட்டரியிலிருந்து 10 சதுர மி.மீ. செம்புக் கம்பி இரண்டரை மீட்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும். பட்டையில் 11.3 வந்தது.

பழக்கம்: பூஜ்யத்தை ஒட்டிய காலையில் சுவிட்சை 25, 30 விநாடி பிடித்து, விடாமலே செல்ஃப் அடித்து, பிடித்த பிறகும் பத்து விநாடி வைத்திருந்தால் வெள்ளைப் புகை வெகுவாகக் குறையும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், சீக்கிரம் பிடிக்கக் காற்று வாயில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயைத் தொடவே கூடாது. பழுத்த பிளக்கில் பட்டால் நேரங்கெட்ட வெடிப்பு, பிஸ்டன் உடையும். ஏர் ஃபில்டர் வாயில் டீசல் துணியைக் கொளுத்திக் காட்டும் வித்தையும் வேண்டாம். ஒருநாள் துணியையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மற்ற சில்லறை வேலைகள்

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். 1.1 காட்டியது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை பச்சைப் பூத்திருந்தது. எமரி போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை மாட்டி, மேலே வாஸலின் பூசியதும் 0.2. செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறியது. பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தார்கள், மாற்றத் தேவைப்படவில்லை.

டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பார்க்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும்படி ஒரு முழம் கண்ணாடி மாதிரியான ட்யூப் போட்டோம். காலையில் நீளமாக ஒரு குமிழி. ராத்திரி டீசல் டேங்குக்கே திரும்பி வடிகிறது. ஃபில்டர் தலையின் செம்பு வாஷர் இரண்டு மாற்றியதும் நின்றது. இதைக் குளிர்த் தகராறிலிருந்து பிரிக்க ஒரு வழி: கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரைப் பத்துத் தடவை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதென்றால் கோளாறு குளிரில் இல்லை, காற்றில்.

டீசலே கெட்டியாகுமா? இந்தியத் தரம் ஐ.எஸ். 1460, டீசல் ஃபில்டரில் மெழுகடைக்கும் சூட்டுக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் வரும் டீசல் வழக்கமாக வரம்பைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் உறைபனி விழும் காலையில் பழைய ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். மார்கழி பிறக்கும்முன் ஃபில்டர் மாற்றி, அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டால் போதும். மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். பம்புக்கு டீசல்தான் எண்ணெயும்.

எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-40-இலிருந்து 15டபிள்யூ-40-க்கு மாற்றினோம். டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் சுழற்றும் சோதனைக்கானது: 20-ஐ மைனஸ் 15-லும் 15-ஐ மைனஸ் 20-லும் சோதிப்பார்கள். சூரியநெல்லிக்கு இரண்டும் தாங்கும். செல்ஃபுக்குக் கொஞ்சம் சுளுவு, அவ்வளவே. ஆயிலை மாற்றினால் எல்லாம் தீரும் என்று இதில் தொடங்குகிறவர்கள் அதிகம். எங்கள் வரிசையில் இது கடைசி.

சாக்கு, பல்பு, லடாக்

ரேடியேட்டர் முன்னால் சாக்கு கட்டுவது இந்தப் பக்கத்து ஜீப்புகளில் சாதாரணம். வால்வு இல்லாத வண்டிக்கு அது ஊன்றுகோல். வால்வு உள்ள வண்டிக்கு உறைபனி நாட்களில் மட்டும் நல்ல துணை. ஈரம் இழுக்கும் சணல் சாக்கைவிட அட்டை மேல். கீழிருந்து மேலாகப் பாதி மறைத்தால் போதும். ஹோஸிலோ ஃபேனிலோ சிக்காதபடி கம்பி போட்டுக் கட்ட வேண்டும். போடிக்கு இறங்கும்முன் போடிமெட்டிலேயே கழற்றிவிட வேண்டும். மறந்தால் திரும்பி ஏறும்போது நினைவுபடுத்தும்.

ராத்திரி எஞ்சின்மேல் கம்பளி போட்டு, அடியில் 100 வாட் குண்டு பல்பு எரியவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எஞ்சின் இரும்பு 200 கிலோ என்று வையுங்கள், தண்ணீர் 9 லிட்டர், ஆயில் 5 லிட்டர். மொத்தத்தையும் 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரத்தின் சூடு வேண்டும், அதுவும் சொட்டுக்கூட வெளியே போகாவிட்டால். பல்பு எட்டு மணி நேரத்தில் கொடுப்பது 0.8 யூனிட், அதில் பெரும்பகுதி காற்றோடு போகும். சில டிகிரி மிஞ்சும், ஆயில் கொஞ்சம் இளகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டீசல் கசியும் எஞ்சினடியில் சூடான கண்ணாடிக் குண்டு, மேலே கம்பளி, பக்கத்தில் பேட்டரி! எலிக்கும் இதைவிடக் கதகதப்பான வீடு கிடைக்காது. வயரைக் கடித்தே நன்றி சொல்லும்.

காலையில் சுடுதண்ணீர் ஊற்றும் பழைய முறையும் இதே கணக்கில் வரும். 5 டிகிரி எஞ்சினில் 80 டிகிரித் தண்ணீர் 8 லிட்டர் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து 23, 24 டிகிரியில் நிற்கும். பலன் உண்டு. ஆனால் தினமும் ராத்திரி வடிக்க வேண்டும், கூலன்ட் போட முடியாது, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வார்ப்பு விரியும். வால்வும் பிளக்கும் சரியான வண்டிக்கு இந்தப் பாடு தேவையில்லை.

நிஜமான கடுங்குளிர் வேறு ரகம். லடாக்கில் மைனஸ் 20, 30 என்று இறங்கும் இடங்களில் சாதாரண டீசலே கூழாகிவிடும். அதற்காகவே இந்தியன் ஆயில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலைத் தயாரித்து 2019 நவம்பரில் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஊருக்குக் கூலன்ட் பாதிக்குப் பாதி, அது மைனஸ் 37 வரை தாங்கும், ஆயில் 5டபிள்யூ-30. அமெரிக்காவின் வட டகோடாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர் செய்து 1949-இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் கனடா, அலாஸ்கா பக்கம் வண்டியின் முன்னால் பிளக் ஒயர் தொங்கும். மேலே போட்ட கணக்கில் 500 வாட் ஹீட்டர் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வேலையை முடிக்கும். டைமர் வைத்து விடியற்காலையில் மட்டும் போட்டால் போதும், ராத்திரி முழுக்க எரிய வேண்டியதில்லை. சூரியநெல்லியில் அதற்குச் செலவழிக்கும் காசுக்கு நாலு ஹீட்டர் பிளக்கும் ஒரு வால்வும் வாங்கலாம்.

ஐட்லிங்கில் அரைமணி நேரம் உறுமவிட்டுச் சூடேற்றுவதும் வீண். சுமையில்லாத டீசல் எஞ்சின் எரிப்பதே கொஞ்சம், சூடும் கொஞ்சம். பாதி எரிந்த டீசல் ரிங்கில் கரியாகவும் ஆயிலில் கலப்பாகவும் சேரும். ஒன்றிரண்டு நிமிஷம் போதும். பிறகு மிதிக்காமல் சின்ன கியரில் நகர்ந்துகொண்டே போனால் வேகமாகச் சூடேறும்.

வேலை முடிந்த மூன்றாம் நாள், வெளியே 5 டிகிரி. 25 விநாடி ஹீட்டர், முதல் செல்ஃபிலேயே பிடித்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.1. கிளம்பிய பன்னிரண்டாம் நிமிஷம் மேல் ஹோஸ் சுட்டது, ஹவுசிங்கில் 81. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது 76. வால்வு மூடிக்கொண்டு சூட்டைக் காத்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் போடி ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டவில்லை. ஆயில் மூடியைத் துடைத்துவைத்திருந்தோம், வெண்ணெய் மறுபடி கட்டவில்லை.

வெள்ளைப் புகை ஸ்டார்ட்டிங்கில் அரை நிமிஷம் இன்னும் வருகிறது, மூன்றாவது சிலிண்டர் தட்டும் சத்தத்தோடு. அடையாளம் போட்ட அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, தேனியில் பம்ப் வேலை செய்யும் கடைக்கு அனுப்பியிருக்கிறது. ஹவுசிங் மூடியின் கீழ்ப் போல்ட்டில் ஒரு துளி கூலன்ட் கசிந்து பச்சையாகக் காய்ந்திருந்தது. சூடாறியதும் கால் திருகு இறுக்கினோம்.